புதுப்பிப்பு: தம்பியின் போக்கர் ஆர்வம்

கிரிக்கெட் ஆட்டம் ஒன்றையும் தவறவிடாத என் 19 வயதுத் தம்பி போக்கர் சீட்டாட்டத்தில் மூழ்கிவிட்டான், தடுப்பதா விடுவதா என்று மூன்று மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பணமில்லாமல் நானும் உடன் உட்கார்ந்து ஆடலாம் என்று பலர் சொன்னபடியே, ஞாயிறுதோறும் புளியங்கொட்டைகளைப் பந்தயமாக வைத்து டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையை ஆடுகிறோம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருப்பதை விளக்கியதும், செயலியை அவனே நீக்கிவிட்டான். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

தேவையான ரன் விகிதத்தை ஓவருக்கு ஓவர் கணக்கிட்டுப் பழகியவன் என்பதால், நான்கு ஹார்ட்டின் சேர்ந்து இன்னும் இரண்டு சீட்டுகள் திறக்கப்படாமல் இருக்கும்போது, ஐந்தாவது ஹார்ட்டின் வந்து ஃப்ளஷ் (ஒரே வகைச் சீட்டுகள் ஐந்து) அமைவதற்கு ஏறத்தாழ 35 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதை நோட்டின் ஓரத்தில் தானே போட்டுப் பார்த்தான். சென்ற வாரம், கையில் இரண்டு ஏஸ் இருந்தும், எதிர்ப்பந்தயத்தின் அளவைப் பார்த்துச் சற்று யோசித்துவிட்டுச் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து அந்தச் சுற்றிலிருந்து விலகினான். என் கையில் ஏஸ் ஜோடியை வெல்லும் ஃப்ளஷ் இருந்தது.