மறு: டச்சுப் பெயரடையின் கடைசி 'எ'வுக்குத் தமிழில் என்ன பெயர்?

> சாரியை என்றே சொல்லிவிடலாமே. தனிப் பொருள் எதுவும் இல்லை, புளியங்காயில் வரும் 'அம்' மாதிரி இரண்டு சொல்லுக்கு நடுவில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

புளியங்காய் நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது உங்கள் பக்கம் பேசவில்லை. அங்கே 'அம்' வருவதற்குக் காரணம் முன்னால் நிற்கும் புளி, அது மரப்பெயர் என்பதால். டச்சில் 'எ' வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது பின்னால் வரும் பெயர்ச்சொல். 'லெக்கர்' (சுவையான) என்பதையே பாருங்கள். டச்சில் பெயர்ச்சொற்கள் பொதுப்பால், நடுப்பால் என்று இரண்டு வகை. சூப் பொதுப்பால், அதனால் 'அன் லெக்கரெ சூப்' (ஒரு சுவையான சூப்). ப்ரோட் (ரொட்டி) நடுப்பால், அதனால் 'அன் லெக்கர் ப்ரோட்', எகரம் கிடையாது. சரி, பால் மட்டும்தான் காரணமா என்றால் அதுவும் இல்லை, அதே ரொட்டியை இன்ன ரொட்டி என்று குறித்துச் சொன்னால் 'ஹெட் லெக்கரெ ப்ரோட்', பன்மையில் 'லெக்கரெ ப்ரோடன்' என்று எகரம் வந்து ஒட்டிக்கொள்ளும். நடுப்பால், ஒருமை, குறிப்பிடாத பொருள் மூன்றும் சேர்ந்தால்தான் வெறுமனே நிற்கும். இவ்வளவு கணக்குப் பார்த்து வருவதைச் சாரியை என்றால் சாரியைக்கே அர்த்தம் போய்விடும்.

என் ஓட்டு 'இயைபு விகுதி'க்கு, அதாவது கூட வரும் பெயர்ச்சொல்லுக்கு ஏற்ப வந்து ஒட்டும் விகுதி. ஒரு சிக்கல் உண்டு. இயைபு என்றதும் நமக்கு எழுவாயும் பயனிலையும்தான் நினைவுக்கு வரும். நல்ல பையன், நல்ல பெண் என்று அடை மாறாமல் இருக்க, பயனிலையில்தான் நல்லவன், நல்லவள் என்று பிரியும். டச்சு நேர் எதிர். பயனிலையில் 'த சூப் இஸ் லெக்கர்', 'ஹெட் ப்ரோட் இஸ் லெக்கர்', இரண்டிலும் மாற்றமில்லை. ஆகவே முதல் தடவை வரும்போது 'பெயரடை இயைபு விகுதி' என்று முழுசாக எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். விகுதி ஏற்காததற்கு 'வெற்று வடிவம்' போதும்.

அப்புறம், சொற்பொருள் பட்டியலில் லெக்கருக்கு நேரே 'சுவையான' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், அது பத்தாது. வெயில் இதமாக இருந்தாலும் 'லெக்கர் வேர்', நன்றாகத் தூங்கு என்பதற்கு 'ஸ்லாப் லெக்கர்', உடம்பு சரியில்லை என்றால் 'இக் வூல் மெ நீட் லெக்கர்'. 'இனிய, இதமான' இரண்டையும் சேர்க்க வேண்டும். ஆளைப் பார்த்து லெக்கர் என்றால் உடல் கவர்ச்சியைச் சொல்வதாகிவிடும், அதற்கும் ஒரு எச்சரிக்கைக் குறிப்பு போடுங்கள்.

'ஈட்ஸ் லெக்கர்ஸ்' (ருசியாக ஏதாவது) என்பதில் வரும் 'ஸ்' வேறு கதை, பழைய ஆறாம் வேற்றுமையின் மிச்சம். அதை இதோடு குழப்பாமல் தனி இழையில் பேசலாம்.