சாம்பியாவில் ஒரு சமுதாயப் பள்ளி: ஒரு குழந்தையின் படிப்புச் செலவை ஏற்பதா, பள்ளிக்கே கொடுப்பதா?

திண்ணைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகன் சாம்பியாவின் கிட்வே நகரில் செப்புச் சுரங்கம் ஒன்றில் பொறியாளராக இருக்கிறான். சென்ற ஆண்டு லிவிங்ஸ்டனுக்குக் காரில் போகும் வழியில், கலோமோவுக்கு அருகே பிரதான சாலையிலிருந்து பதினோரு கிலோமீட்டர் உள்ளே இருக்கும், ஊராரே நடத்தும் ஒரு சமுதாயப் பள்ளிக்கு, அது உடன் வேலை செய்பவரின் சொந்த ஊர் என்பதால், போயிருக்கிறான். மண்சுவர், புல் வேய்ந்த கூரை, மூன்று அறைகள், 180 பிள்ளைகள். பாடம் சொல்பவர்கள் இருவர்தான். இருவருமே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உள்ளூர் இளைஞர்கள், அரசுச் சம்பளம் கிடையாது.

பள்ளிக் குழுவினர் ஐந்தாம் வகுப்பில் படிக்கும், பாட்டியிடம் வளரும் ஒரு சிறுமியை அழைத்துக் காட்டி, இவளுடைய படிப்புச் செலவை ஏற்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் கோடு போட்ட தாளில் எழுதிய கடிதம் இப்போது என் மேசையில் இருக்கிறது. நானும் நண்பர்கள் நால்வரும் சேர்ந்து மாதம் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கலாம் என்று எண்ணுகிறோம். அந்தச் சிறுமிக்கு மட்டும் கொடுப்பது முறையா, பள்ளிக்குப் பொதுவாகக் கொடுப்பது முறையா? இங்கிருந்து பணம் அனுப்ப வழி என்ன? அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

ஐயா, நான் 1994 முதல் 2009 வரை சாம்பியாவின் மொன்சே மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவன். நீங்கள் சொல்வது போன்ற பள்ளி ஒன்றில் என் மனைவி நான்காண்டு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பள்ளிகள் 1992இல் லுசாகாவின் மிசிசி குடிசைப்பகுதியில் தொடங்கின. அப்போது அரசுப் பள்ளிகளில் கட்டணமும் சீருடையும் கட்டாயமாக இருந்தன. செப்பு விலை சரிந்து வேலைகள் போன வீடுகளுக்கும், எய்ட்ஸ் நோயில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் அந்த வாசல் எட்டவில்லை; அதனால் ஊராரே மரத்தடியிலும் தேவாலயத்திலும் பள்ளி வைத்துக்கொண்டார்கள். கிராமங்களில் தூரமே பெரிய காரணம். அடுத்த அரசுப் பள்ளி பதினைந்து கிலோமீட்டரில் இருந்தால் ஆறு வயதுப் பிள்ளையை யார் அனுப்புவார்கள்? 2011ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இப்பள்ளிகளை அங்கீகரித்தது என்றாலும், ஆசிரியரை நியமிப்பதில் அரசின் கை இன்றைக்கும் எல்லா ஊருக்கும் நீள்வதில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். "படிப்புச் செலவு" என்று அவர்கள் சொன்னால், எந்தச் செலவு என்று முதலில் கேளுங்கள். தொடக்க வகுப்புகளுக்கு 2002இலேயே கட்டணம் நீக்கப்பட்டது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் நீக்கப்பட்டுவிட்டது. ஐந்தாம் வகுப்புச் சிறுமிக்கு நோட்டு, சீருடை, காலணி, சோப்பு என்று ஓராண்டுக்கு ஆகும் தொகையை உங்கள் ஐவரின் இரண்டு மாதப் பணமே தாண்டிவிடும். மீதிப் பணம் பாட்டியின் வீட்டுக்குப் போகும். போகட்டும், பாட்டியும் ஏழைதான். ஆனால் பக்கத்து வீட்டில் அதே போலத் தாயில்லாத மூன்று பிள்ளைகள் இருப்பார்கள். எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பணம் பெற்ற ஒரு சிறுவனின் புதுக் காலணியை அவன் மாமாவே கழற்றித் தன் மகனுக்குப் போட்டுவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். யாரும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை.

அந்தப் பள்ளியை நிறுத்தி வைத்திருப்பவர்கள் அந்த இரண்டு இளைஞர்கள்தான். ஊரார் அவர்களுக்கு அறுவடைக்குப் பிறகு ஆளுக்குச் சில மூட்டை மக்காச்சோளம் அளந்து கொடுப்பார்கள். மழை பொய்த்த ஆண்டில் அதுவும் இல்லை. 2024இல் நாட்டின் மக்காச்சோளப் பயிரில் ஏறத்தாழ பாதி கருகி, அரசே தேசியப் பேரிடர் என்று அறிவித்தது நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட ஆண்டில் நகரத்தில் கடையில் வேலை கிடைத்தால் ஆசிரியர் போய்விடுவார், அந்த வாரமே 180 பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள்.

அடுத்தது சாப்பாடு. பழைய அறுவடை தீர்ந்து புதியது வராத ஜனவரி முதல் மார்ச் வரைதான் பசிக்காலம், பள்ளியாண்டு தொடங்குவதும் அதே ஜனவரியில்தான். என் மனைவி பாடம் நடத்திய பள்ளியில் பிள்ளைகள் ஆளுக்கொரு விறகுக் கட்டையும் ஒரு பழைய எண்ணெய்க் கேனில் தண்ணீரும் கொண்டுவருவார்கள். தாய்மார்கள் முறைவைத்துப் பெரிய இரும்புப் பானையில் மக்காச்சோளக் கஞ்சி கிளறுவார்கள். மாவு இருந்த வாரம் வருகைப் பதிவேட்டில் தொண்ணூறு பேர், மாவு தீர்ந்த வாரம் நாற்பது பேர்.

ஆகவே ஆசிரியர் ஊக்கத்தொகையையும் கஞ்சி மாவையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. அந்தச் சிறுமிக்கும் அதுவே போய்ச் சேரும்.

நீலாவதி எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரு குழந்தையை ஏற்பது வீண் என்ற எண்ணம் இங்கே வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கென்யா, உகாண்டா, இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், அவ்வாறு ஆதரவு பெற்ற பிள்ளைகள் சராசரியாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்தார்கள் என்று தெரியவந்தது. தன்னை யாரோ ஒருவர் பெயர் சொல்லி நினைக்கிறார் என்பதற்கும் ஒரு பலன் இருக்கத்தான் செய்கிறது.

என் அனுபவம் கசப்பானது என்பதையும் மறைக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் வழியாக எட்டாண்டுகள் ஒரு பையனுக்குப் பணம் கட்டினேன். ஆண்டுக்கு இரண்டு கடிதம் வரும், "நலமாக இருக்கிறேன், நன்றாகப் படிக்கிறேன், எங்கள் ஆடு குட்டி போட்டது." மூன்றாண்டுகள் தொடர்ந்து அதே ஆடு குட்டி போட்டபோது சந்தேகம் வந்து விசாரித்தேன். அவன் குடும்பம் இரண்டாண்டுகளுக்கு முன்பே வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டதாம். அதனால் கடிதத்தை நம்பாமல், ஒவ்வொரு பள்ளித் தவணை (பருவம்) முடிவிலும் மதிப்பெண் அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அந்தச் சிறுமிக்கு உங்கள் பணம் உண்மையில் தேவைப்படுவது இன்னும் சில ஆண்டுகள் கழித்து, அவள் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும்போதுதான். கட்டணம் நீங்கினாலும் விடுதிச் செலவு நீங்கவில்லை. விடுதி கிடைக்காத பிள்ளைகள் பள்ளிக்கு அருகே குடிசையை வாடகைக்கு எடுத்து, வாரம் முழுவதும் தாமே சமைத்துத் தனியாகத் தங்குகிறார்கள். பெண் பிள்ளைகள் பலர் படிப்பை இழப்பது அந்தக் குடிசைகளில்தான். கர்ப்பமான மாணவி பிரசவத்துக்குப் பின் பள்ளிக்குத் திரும்பலாம் என்று 1997இலேயே விதி செய்திருக்கிறார்கள் என்பதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். தொகுதி மேம்பாட்டு நிதியை 2022இல் ஒரு தொகுதிக்கு 16 லட்சம் குவாச்சாவிலிருந்து (சாம்பியாவின் நாணயம்) 2 கோடியே 57 லட்சமாக உயர்த்தி, அதில் விடுதி மாணவர் உதவித்தொகையும் வைத்திருக்கிறார்கள். ஆனால் விண்ணப்பம் எழுதித்தர ஒருவர் வேண்டும், விடுபட்டால் கைகொடுக்கவும் ஒருவர் வேண்டும். இப்போது பள்ளிக்குக் கொடுங்கள், அதில் ஒரு பங்கை அவளுடைய விடுதிக்காக ஒதுக்கி வையுங்கள்.

கணக்குப்புத்தகம் எழுதியது:

பணம் அனுப்பும் கேள்விக்கு மட்டும் பதில். இந்தியாவில் வசிப்பவர், வெளிநாட்டில் இருப்பவருக்கு நன்கொடையாகவோ அன்பளிப்பாகவோ அனுப்பும் பணம் ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்புத் திட்டத்துக்குள் வரும். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை என்பதால் உங்கள் தொகை அதன் அருகில்கூட வராது. ஆனால் வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுப்பதற்கு, நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடையாது. மாதாமாதம் அனுப்பினால் வங்கிக் கட்டணமே கணிசமாகத் தின்றுவிடும், பள்ளித் தவணைக்கு ஒருமுறை என்று ஆண்டுக்கு மூன்று முறை அனுப்புங்கள். தனிநபர் கணக்குக்கு அனுப்ப வேண்டாம். பள்ளிக் குழுவின் பெயரில், இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற கணக்குக்கே அனுப்புங்கள்.

திண்ணைவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மகன் மூலம் விசாரித்தேன். குழுவுக்குக் கலோமோ நகரில் வங்கிக் கணக்கு இருக்கிறது. வரவு செலவை ஒரு பள்ளி நோட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள், நான்கு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார்கள். சுண்ணக்கட்டி இரண்டு பெட்டி, கஞ்சிப் பானை ஒட்டுப்போட்ட கூலி என்று குவாச்சா கணக்கில் வரிவரியாக இருக்கிறது. ஓரிடத்தில் கூட்டலில் பிழையும் இருக்கிறது, அது எனக்கு ஏனோ நம்பிக்கையையே தந்தது.

ஆசிரியர்கள் இருவருக்கும் ஊக்கத்தொகை, ஜனவரி முதல் மார்ச் வரை மாவு, சிறுமியின் விடுதிக்காக மாதம் ஆயிரம் ரூபாய் இங்கேயே தனிக் கணக்கில் சேமிப்பு என்று முடிவு செய்திருக்கிறோம். அவளுக்கு இப்போது என்ன வேண்டும் என்று மகன் கேட்டதற்கு, அவள் ஏழு கிலோமீட்டர் நடந்து வருகிறாள் என்று பாட்டிதான் பதில் சொன்னாராம். கலோமோ இருக்கும் தெற்கு மாகாணத்தில் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்துப் பார்த்ததில், பள்ளிக்கு வராத நாள்கள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன என்று எங்கோ படித்தேன். ஒரே சைக்கிள் வாங்கினால் வாத்தியார் சொன்ன காலணிக் கதைதான் ஆகுமோ என்று தயங்குகிறேன். பள்ளியின் சொத்தாக நான்கு சைக்கிள் வாங்கி, தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முறைவைத்துக் கொடுக்கும் ஏற்பாடு அங்கே நடக்குமா, வாத்தியார் ஐயா?

கணக்கு வாத்தியார் எழுதியது:

நடக்கும். ஆனால் மண்பாதையில் ஓடும் கனமான வகையாக அங்கேயே வாங்குங்கள், மெல்லிய சக்கரம் முள்ளுக்கு ஒரு மாதம் தாங்காது. பஞ்சர் ஒட்டத் தெரிந்த ஒருவரைக் குழுவில் சேர்த்து, அவருக்கும் சிறு தொகை ஒதுக்குங்கள். முதல் பணம் போய்ச் சேர்ந்ததும் "துவாலும்பா" என்று ஒரு செய்தி வரும். தோங்கா மொழியில் "நன்றி சொல்கிறோம்" என்று பொருள். அதோடு நோட்டின் அடுத்த பக்கத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.