வைக்கோலில் எடுத்த பங்கசு: தட்டில் வளையம் வந்தால் போதுமா?

தம்பலகாமத்தாள்:
வணக்கம். உயிரியல் இறுதியாண்டு படிக்கிறேன். செயற்றிட்டத்துக்காக, மாரி மழையில் ஊறி உக்கிப்போன வைக்கோல் போரிலிருந்து பங்கசுகளைப் பிரித்தெடுத்தேன். அதில் பச்சை வித்தி போடும் ஒன்று, பார்த்தால் ட்ரைக்கோடெர்மா என்ற பங்கசு மாதிரித்தான் இருக்கிறது, சீஎம்சீ (பருத்தி, வைக்கோல் நாரில் உள்ள செலுலோசைக் கரையும்படி மாற்றியது) சேர்த்த ஏகார் தட்டில் கொங்கோ சிவப்பு என்ற சாயம் ஊற்றி உப்புநீரால் கழுவியதும் சுற்றிவர வடிவான தெளிந்த வளையம் காட்டியது. இதை வைத்து, வைக்கோலைச் சீனியாக்கும் பங்கசு கிடைத்துவிட்டது என்று அறிக்கையில் எழுதலாமா? அறுவடை முடிய இங்கே வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்கள், அதற்கு ஏதாவது வழி வேண்டும் என்றுதான் இந்தத் தலைப்பை எடுத்தேன். அப்புறம், ரீஸ் என்ற விஞ்ஞானியின் பெயர் எங்கு பார்த்தாலும் வருகிறது, அவர் என்னதான் செய்தார்?

நிலாவெளி அக்கா:
தங்கச்சி, அப்படி எழுத வேண்டாம். ஏன் என்பதற்குப் பதில் ரீஸின் வேலையிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் உடுப்புகளும் மழையிலும் புழுக்கத்திலும் உக்கி உதிர்ந்தன. அதன் காரணத்தைத் தேடிய இராணுவ ஆய்வுகூடத்தில்தான் எல்வின் ரீஸ் இருந்தார். சொலமன் தீவுகளில் உக்கிய கன்வஸ் துணியில் எடுத்த கியூஎம்6ஏ என்ற இனத்துக்கு 1977இல் அவர் பெயரையே வைத்து ட்ரைக்கோடெர்மா ரீசெய் என்றார்கள். இந்தப் பங்கசை வைத்துத் தொழிற்சாலைகளில் செலுலேசு (செலுலோசை வெட்டும் நொதியம்) எடுக்கிற இனங்கள் எல்லாம் அந்த ஒரு துண்டுத் துணியிலிருந்து வந்தவைதான். ஜீன்ஸ் துணியைக் கல் போடாமல் வெளிறச் செய்வதற்கும் செலுலேசுதான் போடுகிறார்கள்.

ஆனால் எனக்கு ரீஸ் பெரிய ஆளாகத் தெரிவது 1950இல் அவரும் கூட வேலை செய்தவர்களும் எழுதிய கட்டுரையால். பல நுண்ணங்கிகள் சீஎம்சீ போன்ற கரையும் செலுலோசை இலகுவாக வெட்டின, அதே நுண்ணங்கிகளிடம் பருத்தியைக் கொடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை. இறுகிக் கிடக்கும் செலுலோசை முதலில் தளர்த்த ஒன்று வேண்டும், தளர்ந்ததை வெட்ட இன்னொன்று வேண்டும் என்று அதிலிருந்து சொன்னார்கள். அவர்கள் நினைத்த அந்த முதல் நொதியம் அதே வடிவத்தில் பிறகு கிடைக்கவில்லை. ஆனாலும் தனி நொதியத்தால் ஆகாது, கூட்டாகத்தான் ஆகும் என்பது நின்றுவிட்டது. சங்கிலியின் நடுவில் வெட்டுவது ஒன்று, நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோசாகக் கழற்றுவது ஒன்று, அந்த இரட்டையை உடைப்பது இன்னொன்று. உங்கள் வளையம் பெரும்பாலும் நடுவில் வெட்டுவதைத்தான் காட்டுகிறது, வைக்கோலைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

உவர்மலைக்காரன்:
அக்கா சொன்னதுதான். வடிதாள் சோதனை செய்யுங்கள் தங்கச்சி. ரீஸோடு பல ஆண்டுகள் வேலை செய்த மேரி மண்டல்ஸின் பெயரையும் அறிக்கையில் போடுங்கள், இந்த அளவீட்டுக்கு வழி போட்டவர்களில் அவர் முக்கியமானவர், நம் பாடக்குறிப்புகளில் அவரை விட்டுவிடுகிறார்கள். நொதியக் கரைசலில் 50 மில்லிகிராம் வட்மன் இலக்கம் 1 வடிதாள், 50 பாகை செல்சியஸ், ஒரு மணித்தியாலம், பிறகு டீஎன்எஸ் (சீனியோடு சூடாக்கினால் நிறம் மாறும் சோதனைப்பொருள்) போட்டு வெளிவந்த சீனியை அளப்பது, அவ்வளவுதான்.

பங்கசை வளர்க்கும் ஊடகத்தில் குளுக்கோசு போட வேண்டாம். இலகுவான சீனி கையில் இருக்கும்வரை அது செலுலேசை ஆக்காது. வைக்கோலையும் அப்படியே போடாதீர்கள், லிக்னினும் (தாவரத்துக்கு விறைப்புத் தரும் பொருள்) சிலிக்காவும் மூடிக் கிடக்கும், ஐதான சோடியம் ஐதரொட்சைட்டில் ஊறவைத்து நன்றாகக் கழுவிவிட்டுப் போடுங்கள்.

மூதூர் கமக்காரன்:
பிள்ளை, எங்களுக்குச் சீனி எதற்கு? அந்தப் பங்கசை வைக்கோலிலேயே தூவி உக்கவைத்தால் பசளையாகாதா? கொளுத்துவதை நிறுத்த எனக்கு அதுதான் கைக்கெட்டிய வழியாகப் படுகிறது.

நிலாவெளி அக்கா:
ஐயா, ஆகும். அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வைக்கோலில் நைதரசன் குறைவு, அதனால் சாணியோ கொஞ்சம் யூரியாவோ சேர்த்து ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். நொதியத்தைப் பிரித்தெடுத்து விலைக்கு வாங்கி ஊற்றுவதை விட வயலுக்கு இதுதான் பொருத்தம் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் இனம் தெரியாத பங்கசைத் தூவ வேண்டாம், உக்கும் வைக்கோலில் சுவாசப்பைக்குக் கேடான அஸ்பர்ஜிலசு என்ற பங்கசும் வளரும். பக்கத்தில் யாராவது காளான் கொட்டில் வைத்திருந்தால் இன்னும் கவனம், ட்ரைக்கோடெர்மா காளான் பைகளில் ஏறினால் அந்தத் தொகுதி முழுக்கப் பச்சையாகிப் போய்விடும்.

தம்பலகாமத்தாள்:
நன்றி அக்கா, அண்ணா, ஐயா. தலைப்பை வடிதாளுக்கும் கழுவிய வைக்கோலுக்கும் மாற்றுகிறேன். ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுப்பாட்டுக்கு எதை எதை வைக்க வேண்டும்?

உவர்மலைக்காரன்:
நொதியம் இல்லாமல் தாள் மட்டும், தாள் இல்லாமல் நொதியம் மட்டும், அப்புறம் கொதிக்கவைத்த நொதியத்தோடு தாள். மூன்றையும் ஒவ்வொரு தடவையும் வையுங்கள். வித்தி பறக்கும், முகக்கவசம் போடாமல் தட்டைத் திறக்காதீர்கள்.