முதல் சுற்றில் அரசு எம்.பி.பி.எஸ். வரல, 74 பேர் தள்ளி நிற்கிறோம்: ரெண்டாம் சுற்றில் வாய்ப்பு எவ்வளவு?

விழுப்புரத்துக்காரர்

பொண்ணு எம்.பி.சி. (மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு). தனியார் பள்ளியில படிச்சதால அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது. மாநிலக் கவுன்சலிங் முதல் சுற்றில் சுயநிதிக் கல்லூரியில அரசு ஒதுக்கீட்டு இடம் வந்தது, பணம் கட்டிச் சேர்த்தாச்சு. எம்.பி.சி.யில அரசுக் கல்லூரி இடம் கடைசியா யாருக்குப் போச்சுன்னு ஒதுக்கீட்டுப் பட்டியல்ல பார்த்தேன். அவருக்கும் எங்களுக்கும் சமூக ரேங்கில் 74 பேர் இடைவெளி.

பழைய வருஷ கட்-ஆஃப் மார்க்கைக் காட்டி ஒருத்தர் கண்டிப்பா வரும்கிறார், இன்னொருத்தர் நினைச்சே பார்க்காதீங்கன்னு சொல்றார். ரெண்டாம் சுற்றில் அரசுக் கல்லூரிக்கு மாற உண்மையில எவ்வளவு வாய்ப்பு? இதை எப்படிக் கணக்குப் போடறது? கலந்துக்கிட்டா இப்ப இருக்கற சீட்டுக்கு ஆபத்து உண்டா?

கணக்கு வாத்தியார்

முதல்ல மார்க்கைத் தூக்கி ஓரமா வைங்க. நீட் தேர்வுல 2024-ல திருத்தின முடிவுக்கு அப்புறமும் 17 பேர் 720-க்கு 720. 2025-ல நாட்டிலேயே முதலிடம் 686 தான். பொதுப்பிரிவுத் தகுதி மதிப்பெண் 162-லிருந்து 144-க்கு இறங்கிச்சு. வினாத்தாள் ஒரு வருஷம் இளகினா, ஒரு வருஷம் இறுகினா மார்க் ஐம்பது அறுபது சும்மா ஆடும். அகில இந்திய ரேங்க்கும் இங்க உதவாது. மாநிலப் பட்டியல்ல இருக்கற சமூக ரேங்க் ஒண்ணுதான் உங்க வரிசை எண். அதை நீங்களே பிடிச்சுட்டீங்க, பாதி வேலை முடிஞ்சுது.

அடுத்தது, உங்க பத்தியில, அதாவது இடப் பட்டியல்ல எம்.பி.சி.ன்னு இருக்கற காலத்துல (column), இடம் எப்படி உருவாகுதுன்னு தெரியணும். 150 இடம் உள்ள ஒரு அரசுக் கல்லூரியை எடுத்துக்குங்க. 15 சதவீதம், அதாவது 22 அல்லது 23 இடம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகுது. மாநிலத்துக்கு மிஞ்சறது 127 அளவு. அதில் 7.5 சதவீதம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, ஒரு 9 அல்லது 10. பாக்கி 117, 118 இடத்தைத்தான் பங்கு போடறாங்க: ஓ.சி. 31 சதவீதத்துக்கு 36, பி.சி. 26.5-க்கு 31, முஸ்லிம் பி.சி. 3.5-க்கு 4, எம்.பி.சி. 20-க்கு 23 அல்லது 24, எஸ்.சி. 15-க்கு 17 அல்லது 18, அருந்ததியர் 3-க்கு 3 அல்லது 4, எஸ்.டி.க்கு 1. ஆக 150 சீட் கல்லூரின்னு போர்டுல இருந்தாலும் உங்க கண்ணுக்கு அது 23 சீட் கல்லூரி. (ஓ.சி.ன்னா முற்பட்ட வகுப்புன்னு நினைக்கறவங்க இன்னும் இருக்காங்க. அது திறந்த போட்டி. ரேங்க் இருந்தா எந்தச் சமூகமும் உள்ளே போகலாம்.)

இப்ப ரெண்டாம் சுற்று. காலியிடப் பட்டியல்ல கல்லூரி பேரைப் பார்த்து மனசு விட்டுடறாங்க: "சென்னை மெடிக்கல்ல ஒரு எம்.பி.சி. இடம் காலி, அது நமக்கு எங்க வரப் போகுது?" வரும், வேற உருவத்துல. அந்த இடத்துக்கு ஸ்டான்லியில இருக்கறவர் ஏறுவார், ஸ்டான்லிக்குச் செங்கல்பட்டுல இருக்கறவர், அந்த இடத்துக்கு இன்னொருத்தர்னு சங்கிலி இறங்கி, கடைசிப் படியில ஒரு இடமா வந்து நிக்கும். மேல ஒருத்தர் அரசுக் கல்லூரி வட்டத்தை விட்டே வெளியேறினா கீழ ஒருத்தர் உள்ளே வருவார். அதனால ஒவ்வொரு கல்லூரியா பார்க்காம, எல்லா அரசுக் கல்லூரிக்கும் சேர்த்து எம்.பி.சி. பத்தியின் கூட்டுத்தொகையை எடுங்க.

இதோட மறுபக்கமும் உண்டு. "மேல ஏறுறவங்களால நிறைய இடம் காலியாகும்"னு சொல்றது விளிம்புல நிக்கறவருக்குப் பொருந்தாது. அரசுக் கல்லூரிக்குள்ளேயே இடம் மாறினா புது இடம் எதுவும் பிறக்காது. நல்ல கல்லூரிக்கு ஏறணும்னு நினைக்கறவருக்குத்தான் அது லாபம்.

அப்புறம் வரிசையைச் சலிக்கணும். முதல் சுற்று ஒதுக்கீட்டு பி.டி.எஃப்.பைத் திறந்து அந்த 74 சமூக ரேங்க்கையும் ஒண்ணொண்ணா பாருங்க. சுயநிதியில இடம் வாங்கினவங்க உங்களுக்கு முன்னாடி நிக்கறவங்க. ஒதுக்கீட்டுல பேரே இல்லாதவங்க பெரும்பாலும் வேற வழியில போயிட்டவங்க, இல்ல கலந்துக்காதவங்க. அவங்களைக் கழிங்க. மிஞ்சறதுதான் உண்மையான வரிசை.

தாமிரபரணி

வாத்தியார் கணக்கு சரி. அந்த "வெளியேறுறவங்க" எப்ப, எதனால வெளியேறுறாங்கன்னு மட்டும் சேர்த்துக்கறேன், ஏன்னா தேதியைப் பார்க்காம காலியிடம் எண்ணினா தப்பாயிடும்.

வழக்கமான வரிசை: எம்.சி.சி. (மத்திய மருத்துவக் கவுன்சலிங் குழு) நடத்தற அகில இந்திய முதல் சுற்று, பிறகு மாநில முதல் சுற்று, பிறகு அகில இந்திய ரெண்டாம் சுற்று, அப்புறம் மாநில ரெண்டாம் சுற்று. நம்ம ஊர்ப் பட்டியல்ல மேல இருக்கறவங்க ரெண்டு பக்கமும் நிக்கறாங்க. புதுச்சேரி ஜிப்மர், மதுரை எய்ம்ஸ், இல்ல அகில இந்திய ஒதுக்கீட்டுல சென்னைக் கல்லூரியே கிடைச்சா, மாநில ஒதுக்கீட்டு இடத்தை விட்டுட்டுப் போயிடுவாங்க. அங்க சேர்ந்தவங்க பட்டியலை மாநிலங்களுக்குக் கொடுத்துடறாங்க, ஒரே ஆள் ரெண்டு இடத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார முடியாது. ஆக, அகில இந்திய ரெண்டாம் சுற்றில் சேரக் கடைசித் தேதி முடியற வரைக்கும் நம்ம காலியிடம் முழுசா தெரியாது. அதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல சுத்தற "வேகன்சி லிஸ்ட்" எதையும் நம்பாதீங்க.

இன்னொண்ணு. 2021-க்கு முன்னாடி, அகில இந்திய ஒதுக்கீட்டுல ரெண்டு சுற்றுக்கு அப்புறம் நிரம்பாத இடம் மாநிலத்துக்கே திரும்பும். இப்ப அது கிடையாது. அவங்களே மூணாவது சுற்றும் கடைசிக் காலியிடச் சுற்றும் நடத்தி நிரப்பிக்கறாங்க. பழைய அனுபவசாலிங்க "கடைசியில ஒரு நூறு இடம் திரும்பி வரும்"னு சொல்றது அந்தக் காலத்துக் கணக்கு.

ஓ.சி. காலியிடத்தைப் பத்தியும் ஒரு எச்சரிக்கை. அது எம்.பி.சி.க்கும் வரலாம்தான். ஓ.சி. இடத்துக்கு ஏறுறவர் எம்.பி.சி. பத்தியில இருந்தவர்னா அவர் விட்ட இடம் உங்க பத்திக்கு வரும். ஆனா சங்கிலி கீழ இறங்க இறங்க, அடுத்த பொது ரேங்க்ல சீட் இல்லாம நிக்கறவர் பெரும்பாலும் பி.சி.யா இருப்பார், ஏன்னா பி.சி. கட்-ஆஃப் எம்.பி.சி.யைவிட உயரத்துல நிக்கும். ஓ.சி.யில 20 காலின்னா அதில் பத்து நமக்குன்னு போட்டுக்காதீங்க. பூஜ்யம்னு வெச்சுட்டு, வந்தா லாபம்னு இருங்க.

விழுப்புரத்துக்காரர்

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. உட்கார்ந்து எண்ணினேன். 74-ல 17 பேர் எந்த ஒதுக்கீட்டுலயும் இல்ல. மீதி 57 பேரும் எங்களை மாதிரியே சுயநிதி அரசு ஒதுக்கீடு. ரெண்டாம் சுற்று மேட்ரிக்ஸ் (எந்தக் கல்லூரியில எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம் காலின்னு காட்டற பட்டியல்) இன்னும் வரல. எத்தனை காலி இருந்தா நம்பலாம்? புதுக் கல்லூரி வரப் போகுதுன்னும் பேச்சு அடிபடுது.

கணக்கு வாத்தியார்

57-ங்கறது உத்தேசக் கணக்கு. அதுக்குள்ள ரெண்டு வகை ஆள் இருப்பாங்க. கோவை பி.எஸ்.ஜி. மாதிரி சுயநிதிக் கல்லூரியில சேர்ந்துட்டு, "தூரத்துப் புது அரசுக் கல்லூரி வேண்டாம், இங்கேயே இருக்கோம்"னு உட்கார்ந்துடறவங்க ஒரு வகை. அடுத்த வருஷம் மறுபடி நீட் எழுதறேன்னு விட்டுப் போறவங்க இன்னொரு வகை. அதே சமயம் கழிச்ச 17 பேர்ல சிலர் ரெண்டாம் சுற்றுக்குத் திரும்பி வரலாம். முதல் சுற்றில் சாய்ஸ் கம்மியா போட்டதால ஒண்ணும் கிடைக்காதவங்க இவங்க. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும்னு வெச்சு 57-ஐயே வைங்க.

அரசு எம்.பி.பி.எஸ்., எம்.பி.சி. பத்தி, கூட்டுத்தொகை 57-ஐத் தாண்டினா தைரியமா எதிர்பார்க்கலாம். 35-லிருந்து 57-க்குள்ளன்னா நான் சொன்ன அந்த ரெண்டு வகை ஆளும், தாமிரபரணி சொன்ன ஓ.சி. சங்கிலியும் சேர்ந்துதான் முடிவு பண்ணும். உறுதியா சொல்றவரை நம்பாதீங்க. 35-க்குக் கீழன்னா ரெண்டாம் சுற்றில் வராதுன்னே வெச்சு, இருக்கற கல்லூரிக்கு ஹாஸ்டல், புத்தகம் எல்லாம் ஏற்பாடு பண்ணிடுங்க. இது என் மதிப்பீடு, விதி இல்ல.

புதுக் கல்லூரிக்கும் இதே வாய்ப்பாடுதான். அரசுக் கல்லூரியில 50 இடம் கூடினா: 85 சதவீதம் 42.5, அதில் 7.5 சதவீதம் போக 39, அதில் 20 சதவீதம் 8. நூறு இடம்னா 16. ஒரே ஒரு நூறு சீட் கல்லூரி அனுமதி வந்தா உங்க 57, 41 ஆயிடுது, சின்ன விஷயம் இல்ல. 2022 ஜனவரியில ராமநாதபுரம், நீலகிரி, அரியலூர்னு ஒரே நாள்ல 11 கல்லூரி திறந்தப்ப கணக்கே புரண்டு போச்சு. ஆனா அடிக்கல்லும் அறிவிப்பும் சீட் ஆகாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் அனுமதிக் கடிதம் வந்து, மேட்ரிக்ஸ்ல அந்தக் கல்லூரி பேர் ஏறினாத்தான் எண்ணணும். சுயநிதியில கூடற இடமும் உங்களுக்குப் பயன்படாது, அங்க ஏற்கெனவே இருக்கீங்க.

பழைய பஸ் பாஸ்

வாய்ப்பு எத்தனைங்கறதை இவங்க சொல்லிட்டாங்க. வந்த வாய்ப்பைக் கோட்டை விடறது எங்கேன்னு நான் சொல்றேன்.

முதல்ல சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரிகளை விருப்ப வரிசையில பதியறது. முதல் சுற்றுல போட்டது இதுக்குச் செல்லாது, புதுசா போடணும். இப்ப இருக்கற சுயநிதிக் கல்லூரியைவிட உங்களுக்கு மேலன்னு தோணறதை மட்டும் போடுங்க. பழக்கதோஷத்துல இன்னொரு சுயநிதியையும் கீழ சேர்த்து வெச்சா, அரசு வராம அது வந்து நிக்கும். புது இடம் ஒதுக்கின நொடியே பழைய இடம் அடுத்தவருக்குப் போயிடும், வேண்டாம்னு திரும்ப முடியாது. புதுசா எதுவும் ஒதுக்கலைன்னா இருக்கற சீட் அப்படியே இருக்கும். நீங்க கேட்ட ஆபத்து இவ்வளவுதான்.

அரசுக் கல்லூரி 36 இருக்கு. ஊட்டிக்கோ ராமநாதபுரத்துக்கோ போக மனசு இருந்தா 36-ஐயும் போடுங்க. விளிம்புல நிக்கறவங்க 20 கல்லூரியோட நிறுத்திட்டு, தனக்குப் பின்னாடி ரேங்க்ல இருக்கறவருக்கு நாகப்பட்டினம் போனதைப் பார்த்து அழறது வருஷா வருஷம் நடக்கறது. விருப்ப வரிசையில போடுங்க, கிடைக்கும்னு தோணற வரிசையில இல்ல. மேல போட்டது கிடைக்கலைன்னா கீழ இருக்கறதுக்கு எந்தச் சேதமும் கிடையாது. போட்டு முடிச்சதும் லாக் பண்ணி, பிரிண்ட் எடுத்து வைங்க. பிரவுசிங் சென்டர்ல போடறீங்கன்னா ஓ.டி.பி. வர்ற செல் உங்க கையிலயே இருக்கணும்.

ரெண்டாவது, மூணாம் சுற்று. ஏற்கெனவே சீட் வெச்சிருக்கறவங்களை மூணாம் சுற்றில் மேல ஏற விடறாங்களான்னு இந்த வருஷ விளக்கக் குறிப்பேட்டுல அந்த ஒரு பத்தியைத் தேடிப் படிங்க. விடலைன்னா உங்களுக்கு ரெண்டாம் சுற்றே கடைசி. இதுக்குப் போன வருஷத்து ஆளைக் கேட்காதீங்க.

மூணாவது, காகிதம். அசல் சான்றிதழ் இப்ப சுயநிதிக் கல்லூரி கையில இருக்கும். ஒதுக்கீடு வந்தா சேர நாலஞ்சு நாள்தான் கிடைக்கும், நடுவுல ஞாயிறு வேற. விடுவிப்புக் கடிதம், அசல், டி.சி. மூணையும் எந்த அறையில, யார் கையெழுத்துல தருவாங்கன்னு இப்பவே கல்லூரி ஆபீஸ்ல கேட்டு வைங்க. கட்டின ஒவ்வொரு ரசீதும் பத்திரம், திருப்பிக் கேட்க அதுதான் ஆதாரம். அங்க ஹாஸ்டலுக்கு முழு வருஷப் பணத்தை இப்பவே கட்டாம, ரெண்டாம் சுற்று முடியற வரைக்கும் தவணை கேட்டுப் பாருங்க.

தாமிரபரணி

அகில இந்தியப் பக்கமும் பதிவு பண்ணியிருந்தா ஒண்ணு கவனிங்க. அங்க எம்.பி.சி. கிடையாது, மத்திய ஓ.பி.சி. 27 சதவீதம்தான். மாநிலச் சாதிச் சான்றிதழ் செல்லாது, மத்திய அரசு படிவத்துல கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லைன்னு நடப்பு நிதியாண்டுச் சான்றிதழ் வேணும். வைப்புத்தொகை பொதுப்பிரிவுக்கு 10,000, இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 5,000. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு 2 லட்சம். ரெண்டாம் சுற்றில் இடம் வந்து சேரலைன்னா அந்தத் தொகை போச்சு. கடைசிக் காலியிடச் சுற்றில் வந்த இடத்தை விட்டா, தொகையோட அடுத்த நீட் எழுதற தகுதியும் போயிடும். "சும்மா போட்டு வைப்போம்"னு அந்தச் சுற்றுல மட்டும் விளையாடாதீங்க.

விழுப்புரத்துக்காரர்

மேட்ரிக்ஸ் வந்ததும் எம்.பி.சி. பத்தியைக் கூட்டிட்டு இங்கேயே எழுதறேன்.

கணக்கு வாத்தியார்

கூட்டும்போது பி.டி.எஸ். (பல் மருத்துவம்) வரிகளைச் சேர்த்துடாதீங்க, ஒரே பி.டி.எஃப்.ல அடுத்தடுத்த பக்கத்துல இருக்கும். 7.5 சதவீத மேட்ரிக்ஸ் தனி, அதுவும் வேண்டாம். சுயநிதிக் கல்லூரிப் பக்கம் ஆரம்பிச்ச இடத்துல நிறுத்திக்குங்க.