மறு: யாலிட்சா அபாரிசியோ கட்டுரை: வீட்டோடு தங்கி வேலை செய்பவருக்குச் சொல்

> 'பணிப்பெண்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, இந்தக் கட்டுரைக்கு அது பொருந்தாது. நடிகை அபாரிசியோ மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்துக்காரர். மழலையர் பள்ளி ஆசிரியைப் படிப்பு முடித்தவர். முன்பின் நடித்ததே இல்லை. 'ரோமா' (2018) படத்தில் வீட்டோடு தங்கி வேலை செய்யும் கிளியோவாக நடித்து, 2019இல் ஆஸ்கரின் சிறந்த நடிகைப் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றார். அவருடைய தாயாரே பிறர் வீடுகளில் வேலை பார்த்தவர். வந்த புகழை வீட்டுவேலை செய்வோருக்காகவும் பழங்குடியினருக்காகவும் பேசவே செலவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் யுனெஸ்கோ நல்லெண்ணத் தூதரானார். 'வேலைக்காரி'யைத் 'தொழிலாளி' என்று சொல்ல வைக்க வீட்டுவேலை செய்வோரின் உரிமைக்காகப் போராடும் மார்செலினா பௌடிஸ்டா போன்றவர்கள் மெக்சிகோவில் பல்லாண்டு போராடியிருக்கிறார்கள். நாம் 'பணிப்பெண்' என்று எழுதினால் அது விழலுக்கு இறைத்த நீர். பொதுச்சொல் 'வீட்டுப்பணித் தொழிலாளர்' என்றே இருக்கட்டும். ஆண்களும் அதில் அடங்குவர்.

> வீட்டோடு தங்குபவர் = உடனுறைப் பணியாளர்

இதுதான் இடிக்கிறது. 'உடனுறை' என்றதும் குடமுழுக்கு அழைப்பிதழ்தான் கண்ணில் நிற்கிறது!

ஆனால் தனிச்சொல் கட்டாயம் வேண்டும். மெக்சிகோவில் தங்கி வேலை செய்பவரை 'தே பிளாந்தா' என்றும், காலையில் வந்து மாலையில் போகிறவரை 'தே எந்த்ராதா போர் சாலிதா' என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். 2019இல் திருத்திய தொழிலாளர் சட்டம், தங்குபவருக்கு இரவில் தொடர்ந்து 9 மணி நேர ஓய்வும், காலை வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவே 3 மணி நேர ஓய்வும் தரவேண்டும் என்கிறது. படத்தில் கிளியோவும் உடன் வேலை செய்யும் அதேலாவும் இரவில் தங்கள் அறை விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் உடற்பயிற்சி செய்வார்கள். மின்சாரம் வீணானால் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. வேலை முடிந்த பிறகும் முதலாளியின் கண் பார்வையில்தான் இருப்பு. வந்துபோகிறவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதனால்தான் சட்டம் ஓய்வை மணிக்கணக்கில் வரையறுக்கிறது.

என் பரிந்துரை: தங்குபணித் தொழிலாளர், வந்துசெல்பணித் தொழிலாளர். 'தங்குபணி' வினைத்தொகை, 'தங்கும் விடுதி' அறிந்தவருக்கு அகராதி தேவைப்படாது. இரண்டாவது சற்று நீளம்தான். 'வருபணி' என்று சுருக்கிப் பார்த்தேன். இனி வரப்போகும் வேலை என்று பொருள்பட்டுவிடுகிறது.

'மனையுறை' என்று முன்மொழிந்த அம்மையாருக்கு: ஓசை அழகு, ஆனால் இல்லத்தரசியையும் குறிக்குமே?

ஞாயிறுக்குள் மறுப்பு வராவிட்டால் இவ்விரண்டையும் கட்டுரையில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்.