பாட்டைக் கொண்டு சேர்க்கும் படிப்பு: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

உட்லண்ட்ஸ் வீணை:

பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டேன். இங்கே சிங்கப்பூரில் லாசால் கலைக் கல்லூரியில் கலை நிர்வாகப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஆகஸ்டில் தொடங்குகிறது. எனக்கு வேண்டியது இசையை மக்களிடம் கொண்டுபோகும் வேலை. கச்சேரி ஏற்பாடு, பாடகருக்கு விளம்பரம், பாட்டு வெளியீடு, இவையெல்லாம். பத்து வருடம் வீணை கற்றேன். நன்றாக வாசிப்பவர்கள் பலர் பாதி காலியான அரங்கில் வாசித்துவிட்டு எழுந்து போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது.

அப்பா ஒரே கேள்வி கேட்கிறார். “பாடறதுக்குப் படிக்கிறாங்க, புரியுது. பாட்டை விளம்பரம் பண்றதுக்கு மூணு வருஷமா?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பக்கம் போனவர்கள், கூட வேலை பார்த்தவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். அப்பாவிடம் படித்துக் காட்டப் போகிறேன்.

ஈசூன் அக்கா:

தங்கச்சி, இது 2019இல், நான் இரண்டாம் வருடம் படித்தபோது நடந்தது. ஒரு பாட்டை வெளியிட்டு அதை மேடையும் ஏற்ற வேண்டும், அதுதான் அந்தப் பருவத்துக்கு மதிப்பெண். கூடப் படித்தவர் தமிழில் ஒன்று எழுதியிருந்தார். இரவு வேலை முடிந்து வரும் அம்மா, பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையை மின்தூக்கி வாசலில் பார்க்கிறாள். அவள் உள்ளே போக, பிள்ளை கீழே போகிறது. பாட்டு அவ்வளவுதான். முதல் தடவை கேட்டபோதே தொண்டை அடைத்தது எனக்கு.

மூன்று பேர் ஆளுக்கு 200 வெள்ளி போட்டோம். 600 வெள்ளியும் ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் விளம்பரத்துக்குப் போனது. தமிழ் இசை பிடித்தவர்களுக்குக் காட்டச் சொல்லி சிங்கப்பூர், மலேசியா, இந்தியா மூன்றையும் சேர்த்தே குறித்தோம். ஒரே வாரத்தில் 41,000 பேர் பார்த்ததாகக் கணக்கு வந்தது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிக்கு 80 நாற்காலி போட்டோம். வந்தது 23 பேர்.

திங்கட்கிழமை ஆசிரியர் கணக்கைத் திறக்கச் சொன்னார். பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சென்னை, மதுரை, கோவைப் பக்கம். விளம்பரம் எங்கே மலிவோ அங்கே காசு ஓடியிருக்கிறது. அவர் திட்டவில்லை. “வந்த 23 பேர் யார்?” என்று மட்டும் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பதிவுப் படிவத்தில் தொடர்புகொள்ளச் சம்மதம் கேட்டிருந்தோம், நல்லவேளை. ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொருவராக அழைத்து எழுதினேன். 17 பேர் பேசினார்கள். அதில் ஆறு பேர் தாதியர், ஒருவர் இரவுப் பேருந்து ஓட்டுநர். தாதி ஒருவர் பாட்டைத் தன் வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் என்று அந்த நோட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. அந்தப் பேருந்து ஓட்டுநர், “என் பொண்ணு முகத்தை வாரத்துல ரெண்டு நாள்தான் முழுசாப் பாக்குறேன்மா” என்றார். நான் போனைப் பிடித்தபடி எஸ்கலேட்டர் ஓரத்தில் நின்றுவிட்டேன்.

அதே பாட்டை அந்த வருடம் தீபாவளிக்கு ஒரு மருத்துவமனை ஒன்றுகூடலில் பாடினோம். காலையில், இரவுப் பணியாளர்கள் வேலை முடிந்து இறங்கும் நேரமாகப் பார்த்துக் கேட்டு வாங்கினோம். விளம்பரத்துக்குக் காசே செலவழிக்கவில்லை. உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்று கேட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் தவறவிடுவது. வெள்ளிக்கிழமை வெளியீட்டுக்குப் புதன்கிழமைதான் பாட்டை ஏற்றினோம், ரொம்பத் தாமதம். ஸ்பாட்டிஃபையில் பட்டியல் தொகுப்பவர்களின் பார்வைக்குப் பாட்டை அனுப்ப வெளிவராத பாட்டாக இருக்க வேண்டும். குறைந்தது 7 நாள் முன்பே அனுப்பினால், நம்மைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் நாம் அனுப்பிய அந்தப் பாட்டே வருவது உறுதி. பாட்டைப் பற்றி எழுத 500 எழுத்துக்குறி இடம் தருவார்கள். அந்த 500க்குள் யாருக்கான பாட்டு என்று எழுதப் பழகியதுதான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது. அப்பாவிடம் இதைச் சொல், தங்கச்சி.

தேக்கா தபேலா:

நான் மாணவன் இல்லை. 46 வயது, தபேலா வாசிக்கிறேன், மெட்டும் போடுவேன். மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் குழுவுக்கு வேலைப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்தார், இதே மாதிரிப் படிப்பு. ஃபேஸ்புக்கில் படம் போடுவார் என்று நினைத்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி: “அண்ணா, இந்தப் பாட்டில் யாருக்கு எத்தனை விழுக்காடு?”

நாங்கள் நாலு பேர், 15 வருடப் பழக்கம். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. பஃபலோ ரோடு பக்கம் ஒரு கடையில் தே தாரிக் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம், இரண்டு மணி நேரம் சண்டை. பாடலாசிரியர் எழுந்தே போய்விட்டார். அந்தப் பெண் பின்னாலேயே போய் அழைத்து வந்தார். ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமை, மெட்டும் வரியும் ஒன்று, பதிவான ஒலி இன்னொன்று என்று தாளில் கோடு போட்டு விளக்கினார். அன்றைக்குத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

அதற்கு முன்னால் எங்கள் மெட்டு ஒன்றை ஒரு நிறுவனம் வருடக்கணக்கில் தன் நிகழ்ச்சிகளில் போட்டுவந்தது. எங்கள் பெயர் எங்கேயும் வராது. பொது இடத்தில் பாட்டைப் போட்டால் இயற்றியவருக்குப் பணம் வசூலித்துத் தர காம்பஸ் அமைப்பு 1987லிருந்து இங்கே இருக்கிறது. எங்களில் இரண்டு பேர் அதில் சேரவே இல்லை. 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பைப் பொதுவில் பயன்படுத்துகிறவர் படைத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும். ஒருவர் காசு கொடுத்துப் பதிவு செய்யச் சொன்னாலும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் பதிவின் உரிமை முதலில் அதை உருவாக்கியவருக்குத்தான். இதையெல்லாம் எனக்குச் சொன்னவருக்கு 22 வயது.

கடைசியாக என் பெயர். ஆங்கில எழுத்தில் மூன்று பாட்டில் மூன்று விதமாகக் கொடுத்திருந்தேன், தளங்களில் மூன்று வேறு ஆள் மாதிரி நின்றது. பாட்டுத் தலைப்புகளும் அப்படித்தான், ‘காற்று’ ஒருவிதம், ‘காத்து’ ஒருவிதம். அவர் ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றாக்கினார். பாட்டுப் பதிவு ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணுமாக 12 இடமுள்ள அடையாளக் குறி உண்டு, ஐஎஸ்ஆர்சி என்பார்கள், அதையும் சரிபார்த்துக் கொடுத்தார். விளம்பரம் என்று நீங்கள் சொல்கிற வேலையில் பாதி இதுதான் அம்மா. பெயர் சரியாக இல்லாத பாட்டை எத்தனை பேர் கேட்டு என்ன?

பெயர் வேண்டாம்:

நல்லதை மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். நானும் படித்தேன். வேலைப் பயிற்சி ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனத்தில். நிகழ்ச்சி நாட்களில் காலை 9 மணிக்குப் போனால் நள்ளிரவு தாண்டித்தான் வீடு. கடைசி எம்ஆர்டி ரயில் போயிருக்கும், டாக்சிக் காசு என் கையில். இரண்டு மாதப் படித்தொகைக்கு ஐந்து மாதம் கேட்டுக்கொண்டே இருந்தேன். படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் தேடினேன். இப்போது சாங்கி பக்கம் வேறு துறையில் இருக்கிறேன். இங்கே தமிழ்ப் பாட்டை மட்டும் நம்பி முழுநேர வேலை தரும் இடங்கள் மிகக் குறைவு. ஆங்கிலம், மலாய், சீனம் எந்த மொழிக் குழுவுடனும் வேலை செய்யத் தயாராகப் போங்கள். பயிற்சிக்குச் சேரும் முதல் நாளே படித்தொகை எந்தத் தேதியில் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஜூரோங் அப்பா:

உன் அப்பா கேட்டதையே நானும் கேட்டேன், அம்மா. 27 வருடம் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். மகள் இந்தப் படிப்பு என்றதும் நாலு நாள் பேசவில்லை.

ஒருநாள் இரவு அவளே வந்து உட்கார்ந்தாள். எஸ்பிளனேட் கலையரங்கில் வருடா வருடம் நவம்பர் வாக்கில் கலா உற்சவம் என்ற இந்தியக் கலை விழா நடக்குமே, அதுபோல ஒரு மேடையில் பாட வருகிறவரைப் பற்றி 40 சொல்லில் தமிழில் எழுத வேண்டுமாம். “அப்பா, ‘விருத்தம்’னா என்னன்னு தமிழ் தெரிஞ்ச பசங்களுக்கே தெரியலப்பா. எப்படிச் சொல்றது?” என்றாள். என் அப்பா நாடக மேடையில் விருத்தம் பாடியவர். நான் எழுதினேன், 110 சொல் வந்தது. வெட்டினேன், 70. இரண்டு ராத்திரி ஆனது 40க்கு வர. தாளம் இல்லாமல், ராகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, சொல்லை நீட்டி நீட்டிப் பாடுவது என்று கடைசியில் வந்து நின்றது. அவள் அதைப் படித்துவிட்டு, “இதைப் படிச்சா யாராவது ஒருத்தர் எம்ஆர்டி ஏறி வருவாங்களாப்பா?” என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. மறுபடி உட்கார்ந்து மாற்றினேன்.

அந்தத் தாள் அச்சாகி வந்ததை எடுத்து வைத்திருக்கிறேன். மகள் இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறாள். சம்பளம் என் காலத்துப் பட்டறைச் சம்பளத்தைவிடப் பெரிதாக இல்லை. அதை மறைக்க மாட்டேன்.

உட்லண்ட்ஸ் வீணை:

எல்லாவற்றையும் நேற்று இரவு அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பெயர் வேண்டாம் என்று எழுதியவரின் பதிவை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு விருத்தத்துக்கு வந்ததும், “அவர் சொன்னது சரிதான், ஆனா 40 சொல்லு பத்தாது” என்று ஆரம்பித்துவிட்டார். இன்னும் சம்மதம் சொல்லவில்லை.

அக்கா, அந்த 17 பேரிடம் முதல் கேள்வியாக என்ன கேட்டீர்கள்? அடுத்த மாதம் எங்கள் சமூக மன்றத்தில் வீணைக் கச்சேரி ஒன்று இருக்கிறது. வாசலில் நான் நிற்கப் போகிறேன்.

ஈசூன் அக்கா:

“உங்களை இங்கே கூட்டி வந்தது யார்?” அதுதான் முதல் கேள்வி. நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, கச்சேரி அன்றைக்கு எடுத்து வருகிறேன். எத்தனை மணிக்கு?