பலகை அறுக்கப் பழைய செயின்சா வாங்கிய அனுபவம்

தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. காற்றில் சாய்ந்த சில்வர் ஓக் மரங்களை லாரியில் ஏற்றி மில்லுக்கு அனுப்பினால் மரத்தின் மதிப்பைக் கூலியே தின்றுவிடும் என்பதால், தோட்டத்திலேயே பலகை போடுவதற்குப் பழைய செயின்சா (பெட்ரோலில் ஓடும் சங்கிலி வாள்) ஒன்றைத் தேடினேன். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் (1955) இங்கே நடப்பில் இருப்பதால், வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே மரத்தில் வாள் வைத்தோம்.

கிளை கழிப்பதும் குறுக்கே துண்டு போடுவதும் சில விநாடி வேலை. பலகை அறுக்கும்போதோ, நாரோட்டத்தின் போக்கிலேயே பல நிமிடங்கள் எஞ்சின் முழு வேகத்தில் ஓடவேண்டும். அந்தச் சூட்டை 45 சிசி இயந்திரம் நெடுநாள் தாங்காது. 60 சிசிக்குக் கீழே பார்க்கவே வேண்டாம், 70க்கு மேல் இருந்தால் நிம்மதி என்பது என் கருத்து.

வத்தலக்குண்டில் ஒரு கடையில் இரண்டு இயந்திரங்களைக் காட்டினார்கள். ஒன்று புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளத்தது. மற்றது நிறம் மங்கிய ஸ்டில் எம்.எஸ். 381, 72 சிசி. கடைக்காரரிடம் அனுமதி பெற்று இரண்டிலும் சைலன்சரைக் கழற்றி, கைபேசி வெளிச்சத்தில் புகைவழியாக உள்ளே பார்த்தேன். பளபளத்ததன் பிஸ்டனில் மேலிருந்து கீழாக நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கீறல்கள் ஓடின. மங்கியதில் பிஸ்டன் வழவழப்பாக, கடைசலின் மெல்லிய வரிகள்கூட அழியாமல் இருந்தது. ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து இயந்திரத்தைத் தொங்கவிட்டபோதும் அது சட்டென்று இறங்காமல், நின்று நின்று இறங்கியது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன்) நன்றாக இருப்பதற்கு அது அடையாளம். சூடேறும் வரை ஓட்டி, அணைத்து, மீண்டும் இழுத்துப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன், ஏனென்றால் குளிர்ந்த நிலையில் ஒரே இழுப்பில் கிளம்பும் எத்தனையோ எஞ்சின்கள் சூட்டில் மறுத்துவிடும். ஐட்லிங்கில் (விசையை அழுத்தாமல் சும்மா ஓடும்போது) வேகம் தானாக ஏறி இறங்கினாலோ, சாய்த்துப் பிடித்தால் சத்தம் மாறினாலோ, எங்கோ காற்றுக் கசிகிறது என்று பொருள். அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கோத்தகிரியிலிருந்து ஓர் உறுப்பினரின் பதில்:

ஐயா, தாங்கள் சொன்ன கீறலுக்குப் பெரும்பாலும் பெட்ரோலில் கலக்கும் ஆயிலின் பற்றாக்குறையே காரணம். எங்கள் மலையில் இதில் கூடுதல் கவனம் தேவை. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் திறனும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறையும். அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் சரியாகத் திருகிவைத்த கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) இங்கே பெட்ரோல் மிகுந்து புகையும். அதனால் பிளக் கறுக்குமே தவிர எஞ்சின் கெடாது. இங்கே திருகிவைத்ததை அப்படியே சமவெளிக்குக் கொண்டுபோய் மரத்தில் வைத்தால், காற்றுக்கேற்ற பெட்ரோல் வராமல், அதில் கலந்த டூ டி ஆயிலும் போதாமல் பிஸ்டன் கீறிவிடும். ஆகவே, விற்பவர் அதை எந்த ஊரில் ஓட்டினார் என்று கேட்டுவிடுவது நல்லது.

செயினைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். குறுக்கே அறுக்கும் செயினின் பல் வழக்கமாக 30 பாகையில் இருக்கும். பலகைக்கு 10 பாகையே ஏற்றது, மேற்பரப்பும் வழவழப்பாக வரும். இயந்திரத்தோடு வரும் பழைய செயினைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, ஒவ்வொரு முறை அரம் போடும்போதும் கோணத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம்.